வாடிக்கையாளர் முன்னால்

அரக்குக் கரை போட்ட சந்தன நிற முகூர்த்தப் புடவை அது. என் தோளில் சாய்த்து முந்தியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சுப் பக்கம் சில்லென்றது. குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தேன். பட்டில் உள்ளங்கையளவு ஈரம். என் தாய்ப்பால். எதிரே பாயில் கல்யாணப் பெண்ணைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இதுதான் நல்லா இருக்குது, இதையே எடுத்துக்கலாம்" என்றாள் பெண்.

அப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். பிரசவ விடுப்பு முடிந்து நான் பட்டுக் கடை வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புட்டிப் பாலை அவள் துப்பிவிடுவாள். பால் புகட்டும் பாலாடையைப் பார்த்தாலே அழுவாள். பதினொரு மணிக்கு ஸ்கூட்டியில் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குப் போய்ப் பாலூட்டிவிட்டு வரலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் "கிளம்பு" என்று சொல்லவேண்டியவர் எங்கள் தளத்து சூப்பர்வைசர் அக்கா. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, படியேறி வருவதிலேயே பெரிய கூட்டமாகப் பார்த்து என் பக்கம் அனுப்புவார். "வாங்கம்மா, இந்தப் பொண்ணு தோள்ல போட்டு நல்லா காட்டும்." பிறகு என் காதருகே, "இன்னா பி.காம், கடியாரத்தயே பாத்துக்கினு இருக்குற? நாங்கல்லாம் புள்ள பெக்கலயா? மாருல துணி சுத்திக்கினு நின்னோம்" என்பார். வீட்டில் மாமியார் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பார். அந்த அழுகை எனக்குக் கடையிலேயே கேட்கும்.

அக்காவுக்கு என்மேல் ஏன் அத்தனை காட்டம் என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புடவையை எடுத்துக் கோர்வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடலையும் கரையையும் தறியில் தனித்தனி நாடா ஓட்டி, கோத்து நெய்வதுதான் கோர்வை. அது அப்படி நெய்ததல்ல. நெசவு வீட்டில் பிறந்தவள் நான், கரையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். "அக்கா, இது கோர்வை இல்லையே" என்று வாங்க வந்தவர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துச் சமாளித்தார். நான் படித்தது பி.காம். அன்றிலிருந்து அதுவே அவர் வாயில் என் பெயர். மற்றவர்கள் பிரித்துப் போட்ட புடவைகளையும் நானே மடித்தேன். உண்மையைத்தானே சொன்னேன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தன நிறப் புடவைக்கு வருகிறேன். வாய் திறக்காமல் மடித்துக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இன்னொரு பெண் தாலி கட்டிக்கொள்ள உடுத்தும் புடவை. "இது வேணாம்மா, வேற காட்டறேன்" என்றேன். அக்கா விரைந்து வந்தார். "புடிச்சிருக்குன்னு சொல்றாங்க, நீ ஏம்மா கெடுக்கற? புடவைக்கு இன்னா?"

மெதுவாக அவர் காதில் சொல்லியிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது. நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பதினோரு மணிக்குப் போவணும்னு கேட்டேன், நீங்க விடலக்கா. பால் கட்டிக்கினு புடவ நனஞ்சிடுச்சு."

பெண்ணின் அத்தை, கூரம் கிராமத்திலிருந்து வந்தவர், அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீயும் பொம்பளதானே?" என்றார். என்னிடம், "நீ போய் புள்ளைக்குக் குடுத்துட்டு வா கண்ணு. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்" என்றார். போகும்போது கீழே முதலாளியிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாராம். அன்று மகள் மூச்சு விடாமல் குடித்தாள். என் மனம் குளிர்ந்திருந்தது. குழந்தை குடித்ததாலா, அக்காவின் முகம் கறுத்ததைப் பார்த்ததாலா என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன். வரும் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே அக்காவைக் கீழே பார்சல் கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். இருபது வருடம் அந்தத் தளத்தில் நின்றவர். சில மாதங்களில் அவருடைய சூப்பர்வைசர் இடம் எனக்கு வந்தது. நான் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தினமும் அவரைக் கடந்துதான் மேலே போகவேண்டும். அட்டைப்பெட்டியை மூடிக்கொண்டே, "வணக்கம், பி.காம் மேடம்" என்பார்.

போன வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆவணி முகூர்த்தம் வருது. ஆள் பத்தல. அந்தம்மாவ மேல அனுப்பட்டுமா? உனக்குக் கீழதான் வேலை செய்யும். வேணாம்னா வுட்டுடு." இரண்டு நாள் யோசித்தேன். வந்தால் மற்றப் பெண்களை வாட்டமாட்டாரா? வேண்டாம் என்று சொல்ல அது நியாயமான காரணம்தான். ஆனால் நியாயமான காரணம் எனக்கு எப்போதும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. மூன்றாம் நாள், "வரட்டும் சார். யார் எப்ப வீட்டுக்குப் போறதுன்னு மட்டும் நான் சொல்றேன்" என்றேன்.

நேற்று வந்தார். படியேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. தளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நான்கு குடும்பங்கள் பாயில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் நான் மாற்றி வைத்திருந்த அலமாரிக்கு முன் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னா மேடம், வெயில் படற எடத்துல பட்ட அடுக்கி வெச்சிருக்கீங்க? சாயம் வெளுத்துடும்னு படிப்புல சொல்லித் தரலயா?" என்றார்.

கடைப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஜன்னலில் ஒன்பது மணிக்குமேல் வெயில் விழாது. கடை திறக்கும் ஒன்பதரை வரை ஜன்னல் கதவுகள் மூடியே இருக்கும். ஒரு வாரம் கவனித்த பிறகே அலமாரியை மாற்றினேன். பதில் நாக்கு நுனி வரை வந்தது. கையிலிருந்த புடவையை மடித்தேன், இன்னொன்றை எடுத்து மடித்தேன். கடைசிக் குடும்பம் எழுந்து படியிறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அக்காவின் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அந்த ஜன்னல்ல ஒம்போது மணிக்கு மேல வெயில் வராதுக்கா" என்றேன்.