கினி பிக்கும் ஏலக்காய்க் கையும்

செல்லப் பிராணிக் கடைக்குத் தீவனம் வாங்க வர்றவங்க பாதிப் பேர்தான், மீதிப் பேர் குறை சொல்ல வர்றவங்க. போடியில நான் வச்சிருக்கிற கடையும் அப்படித்தான். கிளி பேசலைன்னா நான் காரணம், மீன் செத்தா நான் காரணம். எந்தக் கடையாவது வச்சு நொந்துபோனவங்களுக்கு என் பாடு புரியும். இப்பக் கினி பிக் வேற சேர்ந்துக்கிச்சு. முயலைவிடச் சின்னதா, வாலில்லாம இருக்கிற சாதுப் பிராணி. புது வீட்டுக்கு வந்தா மூலையில ஒடுங்கிக் கிடக்கும். பழக நாளாகும். அதுவரைக்கும் பொறுத்துக்கத்தான் ஆள் கிடையாது.

மூட்டைக்குள்ள விடுற கை

சௌந்தரபாண்டி அண்ணன் ஏலக்காய் வியாபாரி. மனைவி தவறிச் சில வருசமாச்சு. ஒரே மக வினோதினி கோயம்புத்தூர்ல வேலை பாக்குது. அந்தப் பிள்ளை ஆசையா வாங்கின ரெண்டு கினி பிக்கை ஹாஸ்டல்ல வைக்க விடலைன்னு, லீவுக்கு வந்தப்ப அப்பா வீட்டுல விட்டுட்டுப் போயிருச்சு. வெள்ளைக்குப் பேரு பஞ்சு, பழுப்புக்குப் பேரு காப்பி. மறுநாளே அண்ணன் கடைக்கு வந்து, ரெண்டும் தன்னைக் கண்டா தெறிச்சு ஓடுதுன்னு என்னையக் கையோட கூட்டிட்டுப் போனாரு.

எங்க, எடுத்துக் காட்டுங்கண்ணேன்னேன். கூண்டு மூடியைத் திறந்தாரு, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ள விட்டாரு. ஏலக்காய் மூட்டையில அடிவரைக்கும் துழாவி ஒரு பிடி சாம்பிள் அள்ளுற கை அது. ரெண்டும் கூண்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி ஓடுதுக. "மேல இருந்து எது வந்தாலும் அதுகளுக்குப் பருந்துதாண்ணே. தரையில உட்கார்ந்து கையை விரிச்சு வைங்க, அதுகளா வரட்டும்"னு சொன்னேன். அவருக்கு மனசே ஆறலை.

"இத்தனை வருசமா மூட்டைக்குள்ள கை விடுறேன், எந்தக் காயும் என்னையப் பார்த்து ஓடுனதில்ல தம்பி."

தொடாத கொத்தமல்லி

அடுத்து வந்தப்ப மனுசன் முகமே சரியில்லை. கடையில ஆள் குறையட்டும்னு ஓரமா நின்னுக்கிட்டிருந்தாரு. காப்பி எதையும் தின்ன மாட்டேங்குதாம், கொத்தமல்லித் தழை வச்சது வச்சபடி கிடக்குதாம். கினி பிக்குக்குப் பட்டினி ஆகவே ஆகாது, சீக்கிரம் உயிர் போயிரும். கடையைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் அதை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டரம்மா பார்த்துட்டு, வாயில கொஞ்சம் தீவனத்தைக் கரைச்சு ஊட்டிவிட்டு, நோய் ஒண்ணுமில்லை, பயம்தான், ஒளிஞ்சுக்க ஒரு இடம் குடுங்கன்னாங்க.

அட்டைப்பெட்டியில ஒரு வாசல் வெட்டிக் கூண்டுக்குள்ள வச்சோம். காப்பி அதுக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. ஒரு எலிக்கா இவ்வளவு கலங்குறாருன்னு நான் பார்க்கிறதை அண்ணன் கண்டுக்கிட்டாரு.

"மாசத்துக்கு ஒருதரம் போன் போடுற பிள்ளை, இதுக வந்தபிறகு தினம் சாயங்காலம் போடுதுப்பா. இதுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்கிட்டப் பேச அவளுக்கு வேற என்ன இருக்கு?"

விலை பேசுற குரல்

பெட்டி வச்ச பிறகு காப்பி கொத்தமல்லியைக் கடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஆனா அண்ணன் போன் எடுத்தா மட்டும் ரெண்டும் பெட்டிக்குள்ள பாஞ்சிருதுக. ஏன் பாயாது? அவர் விலை பேசுறது மலையடிவாரத்துல இருக்கிற குரங்கணி வரைக்கும் கேக்கும். மெதுவாப் பேசுங்கண்ணேன்னு சொல்லி வச்சேன். சொன்னபடியே பேசினாரு. கோயில்ல பேசுற மாதிரி அவ்வளவு அடக்கம்.

அந்தச் சமயத்துல மலை மேல எஸ்டேட்டுல இருந்து ஒரு மேஸ்திரி ஏலக்காய் லோடு ஏத்திக்கிட்டு ஜீப்புல இறங்கி வந்தாரு. கேரளத்துக்காரர். அண்ணன் கத்தாம விலை கேக்கவும் மிரண்டுபோயி, சரக்கை மறந்துட்டு அவர் நெத்தியில கை வச்சுப் பார்த்தாரு.

"எந்தா அண்ணே, சுகமில்லையோ? வேணும்னா விலையை நாளைக்குப் பேசிக்கலாம்."

வேட்டி நுனி

அதுக்குப் பிறகு அண்ணன் தினமும் காலையில கூண்டுக் கதவைத் திறந்துவிட்டுத் தரையில உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பிச்சாரு. முட்டி வலிக்காரர். உட்காரும்போது ஒரு முனகல், எந்திரிக்கும்போது ஒரு முனகல். கூப்பிடாதீங்க, தொடாதீங்க, பக்கத்துல வெள்ளரித் துண்டை மட்டும் வச்சுட்டு உங்க சோலியைப் பாருங்கன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் நான் வைக்கோல் கொண்டுபோனப்ப, அசையாதேன்னு கண்ணாலேயே அதட்டினாரு. காப்பி பெட்டியை விட்டு வெளிய வந்து, வெள்ளரியை மோந்துட்டு, அதை விட்டுட்டு அவர் வேட்டி நுனியைக் கடிச்சுக்கிட்டிருந்துச்சு. மனுசன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ரகசியமாச் சொன்னாரு.

"சத்தம் போடாத தம்பி, என்னைய சாம்பிள் பாக்குது."

சாயங்காலப் போன்

பிறகு ஒரு சாயங்காலம் வாசல்ல நின்னேன். அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருக்காரு, காப்பி மடியில, பஞ்சு முட்டிக்குப் பக்கத்துல தழை மென்னுக்கிட்டிருக்கு. போன் ஸ்பீக்கர்ல. "பழகிருச்சாப்பா?"ன்னு பிள்ளை கேக்குது. "எங்கம்மா, கிட்டப் போனாலே பெட்டிக்குள்ள ஓடிருதுக"ன்னு இவர் கூசாமப் புளுகுறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னைப் பார்த்ததும் வாயில விரலை வச்சுக்காட்டினாரு. நல்லாப் பழகிட்டா இனி தினம் போன் போட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்பான்னு பிள்ளை சொல்லியிருந்துச்சுன்னு பிறகுதான் சொன்னாரு.

பிள்ளை பாட்டுக்குப் போன்ல ஒவ்வொண்ணாப் பக்குவம் சொல்லுது, இவரும் சரிம்மா, சரிம்மான்னு கேட்டுக்கிட்டே காப்பி முதுகைத் தடவுறாரு. திடீர்னு காப்பி குறுகுறுன்னு சத்தம் போட்டுச்சு. தடவிக் குடுக்கிறப்ப மனசு குளிர்ந்து போடுற சத்தம் அது, வளர்த்த பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? மாட்டிக்கிட்டாரு மனுசன்னு நினைச்சேன். பிறகு அந்தப் பிள்ளை நிதானமாப் பேசுச்சு.

"ரொம்பத்தான் பயப்படுதுகப்பா. நாளைக்கும் போன் போடுறேன், என்ன பண்ணலாம்னு பாப்போம்."

இந்தத் தொழில்ல பிராணியைப் பழக்கிவிடுறது ஒரு பாடுன்னா, பழகினதை யாருக்கும் சொல்லாம வாயைக் கட்டிக்கிட்டு இருக்கிறது அதைவிடப் பெரிய பாடு.