ஒத்த வீடு ஸ்டாப்பிங்

போன வாரம் எங்கள் ஏரிக்கு அந்தண்டை புதிதாக ஒரு மனைப் பிரிவு திறந்தார்கள். வண்ணக் கொடி, வாழைமரம், மைக் செட் என்று ஒரே அமர்க்களம். எனக்கு அழைப்பு இல்லை. இருந்தாலும் போனேன். காற்று என் வீட்டுப் பக்கம் அடித்தது, அதில் சாமியானாத் துணி வாசனை வந்தது. அதற்குப் பிறகு எப்படி உட்கார்ந்திருக்க முடியும், சொல்லுங்கள்.

மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் மடித்து, மறுநாள் வெயிலில் விரித்த சாமியானாவுக்கு ஒரு வாசனை உண்டு. ஊறிய கோணிப்பை மாதிரி இருக்கும். உங்களுக்கு அது நாற்றம். எனக்குச் சோறு போட்டு, கல்யாணம் செய்து வைத்து, வீடும் கட்டிக்கொடுத்த வாசனை அது.

பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த ஒரு சின்ன ஜோடி உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம், அதனால் மலை பார்த்த மாதிரி ஒரு வீடு வேண்டுமாம். அந்தப் பெண் என்னிடம் கேட்டது: "ஐயா, முன்னாடி பெரிய பில்டிங் எதுவும் வந்துடாதில்ல? மலை மறையாதில்ல?"

இந்தக் கேள்வியை நானே ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தவன். "இங்க உக்காந்து பேசற சமாச்சாரம் இல்லம்மா இது. வூட்டுக்கு வாங்க, மோர் குடிச்சுக்கினே சொல்றேன்" என்று கூட்டிவந்தேன். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொல்கிறேன்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஒரு பந்தல்காரரிடம் கம்பு தூக்கப் போனேன். பிறகு கயிறு கட்டினேன். பிறகு பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாகச் சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை போட்டேன். அடி அண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரை எங்கே நல்லது கெட்டது நடந்தாலும் என் துணிதான் நிழல். என் அண்டாவில் வெந்த சாம்பாரைச் சாப்பிடாதவர் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்தால், அவர் வெளியூர்.

கடைக்குப் பின்னாலேயே குடித்தனம். ஒரே அறை. நாற்காலிகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுப்போம். என் மனைவி சரோஜா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் ஊர்க்காரி. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே முறையீடு வைத்தாள்.

"எங்க ஊர்ல களை எடுத்துக்கினு நிமுந்தா மலை தெரியும். மலைக்குக் காலடியில வாக்கப்பட்டு வந்தா, மலையக் காணோம். இன்னா ஊருங்க இது?"

உண்மைதான். சந்தில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். மலையைப் பார்க்க வேண்டுமானால் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போகவேண்டும். அவள் நகை கேட்டதில்லை, பட்டுப்புடவை கேட்டதில்லை. சமைக்கும்போது நிமிர்ந்தால் மலை தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். "நீ இருக்கிற வரைக்கும் மலை மறையாத மாதிரி ஒரு வூடு கட்டறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கு கொடுத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று தெரிந்தது. இன்றைக்கு மலை தெரிகிற மனையை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். இனிமேல் எங்கே என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். என் தொழில் அப்படி. யோசித்துப் பாருங்கள். எதைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் பூமி பூஜை போடவேண்டும். பூஜைக்கு நிழல் வேண்டும். நிழலுக்கு என்னிடம்தான் வரவேண்டும். செங்கல் இறங்குவதற்கு முன்னால், மேஸ்திரிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நாற்காலி மட்டும் கேட்டால் சொந்த வீடு. சோபா சேர்த்துக் கேட்டால் பெரிய மனுஷர் வருகிறார். அங்கே காலேஜோ கல்யாண மண்டபமோ வரப்போகிறது. மேடையில் பேசுவதை முழுதாகக் கேட்பவனும் நான் ஒருவன்தான். வந்தவர்கள் எல்லாம் பந்திக்குக் காத்திருப்பார்கள். நான் என் நாற்காலிக்குக் காத்திருப்பேன்.

ரமணாசிரமம் பக்கம் ஒரு மனை வந்தது. அருமையான இடம். ஆனால் பக்கத்து மனைக்குப் பூஜைப் பந்தல் போட்டதே நான்தான். தங்கும் விடுதி, மொட்டை மாடியில் காப்பிக் கடை என்று அந்த முதலாளி கனவு கண்டதை என் காதால் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது அந்த இடத்தில் நின்று பார்த்தால் விடுதிக்காரர்கள் காயப்போட்ட போர்வைதான் தெரியும். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

அப்புறம் தரகர் ஏகாம்பரம் அடி அண்ணாமலை தாண்டி ஒரு இடம் காட்டினார். மலை அடிமுதல் உச்சிவரை அப்படியே நிற்கிறது. சரோஜா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். நான் மலையைப் பார்க்கவில்லை, அடுத்த நிலத்துத் தரையைப் பார்த்தேன். காலில் கட்டை கட்டையாக இடறியது.

"இது இன்னாது ஏகாம்பரம்?"

"சவுக்குண்ணே. வெட்டி ஏத்திட்டாங்க. அதான் இப்டி பளிச்சினு கீது."

"மறுபடி வைப்பாங்களா?"

"வைப்பாங்க. அதனால நமக்கு இன்னா?"

"வளந்தா மலை தெரியுமா?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "வளந்தா வெட்டிடுவாங்கண்ணே."

சரோஜா கும்பிட்ட கையை இறக்கினாள். "அப்ப நாலு வருசத்துக்கு ஒரு தபா மலை தெரியும். கும்பாபிஷேகம் மாதிரி" என்றாள். ஏகாம்பரம் அதற்குப் பிறகு எங்களை எங்கே கூட்டிப் போனாலும், முதலில் சுற்றிலும் சவுக்கு இருக்கிறதா என்று அவரே பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

கடைசியில் கிடைத்ததுதான் இந்த இடம். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஊரை விட்டு விலகி, ஏரிக்கு இந்தக் கரையில் ஒரு மேடு. மேற்கே ஏரி, ஏரிக்கு அப்பால் மலை. ஐப்பசி அடைமழையில் போய்ப் பார்த்தோம்.

"மழ வுடட்டும்ணே, போலாம்" என்று கெஞ்சினார் ஏகாம்பரம்.

"மழ வுட்டா எனக்கு இன்னா தெரியும்? தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு இப்பப் பாத்தாதான் உண்டு."

முழங்கால் சேற்றில் நடந்தோம். தண்ணீர் ஒரு பனைமரத்தடி வரை வந்து நின்றிருந்தது. மேடு அதற்கும் மேலே. வேடிக்கை என்ன தெரியுமா, அன்றைக்கு மலையே தெரியவில்லை. மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. "மலை எங்க இருக்குதுன்னே தெரியாம மனை வாங்கறது நாமதாங்க" என்று குடைக்குள் சிரித்தாள் சரோஜா. "மேகம் போயிடும், கட்டடம் போவாது" என்றேன். கிராம அலுவலகத்தில் போய், ஏரி முழுக்க ஏரிதானா, நடுவில் யாருக்காவது பட்டா இருக்கிறதா என்று அவர்களுக்கு அலுத்துப்போகும் வரை கேட்டேன். ரோடு அகலமானால் எதுவரை எடுப்பார்கள் என்பதை ரோட்டுக்காரர்களின் விழாவிலேயே கேட்டு வைத்திருந்தேன். அதற்கும் உள்ளே தள்ளித்தான் வாங்கினேன். பின்னால் ரோடு அகலமானபோது என் வேலியில் ஒரு முள்கூட அசையவில்லை.

இத்தனை பார்த்தவன் ஒன்றைக் கோட்டைவிட்டேன்.

நூல் போடும் நாள். மேஸ்திரி தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். இது கூடம், இது படுக்கை, இது அடுப்படி. சரோஜா ஆசையாகப் போய் அடுப்படிக் கோட்டுக்குள் நின்றாள். அடுப்பு வரும் இடத்தில் குனிந்து, கரண்டி பிடித்துக் கிண்டுவது போலக் கையைச் சுற்றிவிட்டு, நிமிர்ந்தாள். எதிரே மல்லாட்டைக் கொல்லை.

"இன்னாங்க, எனக்கு முதுகுலயா கண்ணு இருக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்படி என்றால் தென்கிழக்கு, கிழக்கே பார்த்துச் சமையல். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அது வேறெங்கும் வரலாம் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. மலையோ மேற்கே இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு ஊரில் என்ன வரும் என்று பார்த்தவன், என் வீட்டில் எது எங்கே வரும் என்று பார்க்கவில்லை.

"அக்னி மூலையிலதாம்மா அடுப்பு வரணும்" என்றார் மேஸ்திரி, கறாராக.

சரோஜா மேற்கே கையை நீட்டினாள். "அக்னியே அங்க மலையா நிக்கிது. அதுக்கு முதுகக் காட்டிக்கினு, நீங்க எந்த மூலையில அக்னியத் தேடறீங்க?"

மேஸ்திரி மலையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு காலாலேயே கோட்டை அழித்துவிட்டு, "வாயு மூலையிலயும் அடுப்படி வைக்கலாம், பரவால்ல" என்று வடமேற்கே போய் நின்றார். சாஸ்திரம் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேற்குச் சுவரில் ஜன்னல் வைத்தோம். இன்று வரை அது வழியாக மலை தெரிகிறது. என் வாக்கு நிற்கிறது.

குடிவந்தபோது சுற்றிலும் வேறு வீடே கிடையாது. மல்லாட்டைக் கொல்லையும் நரிச் சத்தமும்தான். பஸ் நின்றால் கண்டக்டர் "ஒத்த வூடு எறங்கு" என்பார். அது அப்படியே ஸ்டாப்பிங் பெயராகிவிட்டது. "அவரே வாங்கியிருக்காரு, பாக்காமலா வாங்குவாரு" என்று எனக்குப் பின்னாலேயே வந்து வாங்கினார்கள். கொல்லை போய்த் தெரு வந்தது, தெருவுக்குப் பின் தெரு வந்தது. ஒருவர் வீட்டு மலையை இன்னொருவர் வீடு மறைத்தது. தீபத்தன்று எல்லாரும் என் மொட்டை மாடிக்குத்தான் வருவார்கள். நாற்காலி போட்டு வைப்பேன். வாடகை கிடையாது.

நாங்கள் குடிவந்த வருஷம் தீபத்துக்கு நான் நெய்யைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். கிளம்பும்போது சரோஜா சொன்னாள்: "மேல போயி கெழக்கால பாருங்க. தீபம் ஏத்துனதும் வாசல் லைட்டப் போடறேன்." கொப்பரையில் சுடர் எழுந்ததும் எல்லாரும் அரோகரா போட்டார்கள். நானும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஊர் வெளிச்சம் முடிந்து, ஏரி இருட்டு. ஏரிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை இருட்டு. அதில் ஒரே ஒரு புள்ளி. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைப் பிடித்து உலுக்கி, "அதோ பாருங்க, எங்க வூடு!" என்று கத்தினேன். "சாமியப் பாருய்யா" என்று திட்டினார்.

இதைச் சொன்னபோது அந்தச் சென்னைப் பையன் போனை எடுத்தான். சில வருஷம் முன்னால் தீபத்தன்று அனுமதி வாங்கி மலையேறினானாம், அப்போது கிழக்கே பார்த்து எடுத்த படமாம். "இதுல உங்க வீடு எதுங்க ஐயா?" என்று நீட்டினான். படம் முழுக்க வெளிச்சம், வாரி இறைத்த மாதிரி. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. மலை மறையாமல் இருக்க என்னவெல்லாமோ பார்த்தேனே, மலையிலிருந்து பார்த்தால் நம் வீடு மறையாமல் இருக்குமா என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து சரோஜா போனை வாங்கினாள். படத்தின் நடுவில் கருப்பாக ஒரு திட்டு கிடந்தது. அதன் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது ஏரி. இதுக்கு இந்தண்ட மொத வெளிச்சம் நம்முது."

விரலை எடுத்ததும் பார்த்தேன். ஆமாம், முதல் வெளிச்சம் எங்களுடையதுதான். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நான் வந்ததைப் பார்த்து வந்த வெளிச்சங்கள். பையனிடம் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். ஆனாலும் ஏரியளவுக்குச் சுருங்கிப்போய்க் கிடந்த அந்த இருட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மலையேறிய அன்று அது எங்கள் வீட்டுக்குப் பின்னால், அவள் பிறந்த ஊர் வரைக்கும் இருந்தது.