உள்ளே: ஒருவர்

நம்புவதும் நம்பாததும் படிப்பவர் விருப்பம். நடந்தது நடந்ததுதான். கீழே உள்ள மணியும் நிமிடமும் சம்பந்தப்பட்டவளே அன்று குறித்துவைத்தவை. அவள் தோராயமாக எதையும் எழுதிப் பழகாதவள். நள்ளிரவும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல்.

அவள் பாதுகாப்பு ஆலோசகர். நுண்சில்லுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குப் பாதுகாப்புத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தாள். அங்கே சில்லுகள் உருவாகும் இடத்துக்குச் சுத்த அறை என்று பெயர். ஒரு தூசு விழுந்தாலும் சில்லு வீண். ஆகவே உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி அணிவார்கள். கண் மட்டுமே தெரியும். அறையில் ஓடும் வாயுக்களோ நஞ்சு. கசிந்தால் கதவுகள் தாமே பூட்டிக்கொள்ளும், உள்ளே எவரும் இல்லையென்றால் மட்டும். அதை முடிவு செய்வது வாசலுக்கு மேலுள்ள கருவி. உள்ளே போகிறவரைக் கூட்டும். வெளியே வருகிறவரைக் கழிக்கும். அந்த எண்ணிக்கை ஒன்று பிசகினால், ஓர் ஆள் நஞ்சோடு பூட்டப்படுவார்.

புதிதாகப் பொருத்திய அந்தக் கருவிக்காக வாயுவை நிறுத்தியிருந்தார்கள்; மாலை நான்கு மணிக்குள் அவள் கையெழுத்திட்டால் மறுநாள் காலை மீண்டும் திறக்கப்படும். முதல் ஷிப்டில் உள்ளே நிற்கப்போகிறவன் அவளுடைய அண்ணன்.

திட்டத்தில் அவள் அதிகம் மல்லுக்கட்டியது ஒரு மரியாதையோடு. பின்னால் வருகிறவரின் கையுறை அழுக்காகக் கூடாது என்று, முன்னால் போகிறவர் கதவைத் தோளால் பிடித்து நிற்பது அங்குள்ளவர்களின் வழக்கம். ‘முகம் தெரியாத அங்கிக்குக் கதவைப் பிடிக்காதீர்’ என்று ஒன்பதாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தாள்.

பிற்பகல் 2.10. எல்லாரும் வெளியேறிய பின் கடைசிச் சோதனை. திரையில்:

உள்ளே: 1.

“சென்சார் கிறுக்குப் புடிச்சிருக்கு. அணைச்சுப் போடு, சரியாயிடும்,” என்றான் அண்ணன், தேநீரை ஊதியபடி.

“நாளைக்கு உள்ள நிக்கப்போறது நீ.”

“இன்ஸ்பெக்டரம்மா, எங்க நாப்பது பேரும் வீட்ல சாப்ட்டுட்டு மல்லாந்து கெடப்பானுங்க. கொசுவையும் எண்ணுவியா?”

“எண்ணுவேன்.”

“போ, போ. பேய் இருந்தா அதுக்கும் ஒரு அங்கிய மாட்டி விடு.”

2.24. உறை பிரிக்காத அங்கி ஒன்றைப் பிரித்து அணிந்தாள். உள்ளே நுழைந்ததும் திரை 2 என்று மாறியது. கருவியில் கோளாறு இல்லை.

மஞ்சள் வெளிச்சம். கூரையிலிருந்து காற்று... ஸ்ஸ்ஸ்... கையில் தூசு எண்ணும் கருவி. மனிதத் தோல் ஓயாமல் உதிர்வது; ஆள் இருந்தால்தான் அதில் எண் ஏறும். முதல் வரிசையில் 4. இரண்டாவதில் 4. மூன்றாவதில் 90.

நான்காவதில் 2,600. அங்கே எவரும் இல்லை.

2.31. நாற்றம். நொடிக்கு நொடி காற்று மாறும் அறையில் நாற்றம் தங்க வழியே இல்லை. தங்கியிருந்தது. பல நாள் துலக்காத வாயின் நாற்றம். ஈரத்தில் ஊறிப்போன கால்விரல் இடுக்கின் நாற்றம்.

எஃகு மேசையில் கையை ஊன்றினாள். ஒட்டிக்கொண்டது. எடுத்தபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மேசை நெடுகிலும் ஆறிய பாலின் ஏடு போல ஒரு படலம்.

அதில் மயிர்க்கால்கள் இருந்தன.

2.36. சொத்... பின்னால். ஈரத்துணி விழுவதுபோல. சொத்... சொத்...

முகக்கவசத்துக்குள், நாக்கின் மேல், ஒரு மயிர். விரலை விட்டு இழுத்தாள். வந்தது. ஒரு சாண். இரண்டு சாண். மறுமுனை தொண்டைக்குள் இருந்தது...

நரைத்த மயிர். அவளுடைய கூந்தல் கறுப்பு, தோளைக்கூடத் தொடாது.

ஓடவில்லை. அங்கே ஓடக் கூடாது என்பது விதி. நடந்தாள்.

2.39. கதவு. பின்னால் ஒரு வெள்ளை அங்கி வந்தது. அண்ணன் தேடிக்கொண்டு வந்துவிட்டான்... அப்பாடா.

தோளால் கதவைப் பிடித்து நின்றாள்.

அங்கி உரசிக்கொண்டு போனது. உரசிய இடம் வெதுவெதுப்பாக, கொழகொழவென்று...

“அண்ணா...”

கண்ணாடிக்கு அப்பால் அண்ணன். சட்டையோடு. கையில் தேநீர்.

“பாத்தியா? நான் சொல்லல? நீ வெளிய வந்ததும் திரையில பூஜ்யம்.”

அவள் குப்பைக்கூடையைக் கட்டிக்கொண்டு மூன்று முறை வாந்தியெடுத்தாள்.

“ஏன்டி... கதவப் புடிச்சிட்டு யாருக்காக நின்ன?” என்றான் அவன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

இருவருமாக மறுபடி உள்ளே போய்ப் பார்த்தார்கள். நான்காம் வரிசையில் கருவி 4 என்றது. மேசை பளிச்சென்று இருந்தது. வெளியே வந்ததும் திரையில் பூஜ்யம். உள்ளே எவரும் இல்லை, அது உண்மை. 3.58க்குக் கையெழுத்திட்டாள். மறுநாள் வாயு திறந்தார்கள். அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அங்கிகளைத் துவைத்து உறையிடும் சலவைக்கூடத்தைத் தணிக்கை செய்யப் போனாள். அங்கே பொறுப்பிலிருந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க வந்து பாத்தப்புறம்தாம்மா நாங்க நிம்மதியா சாப்புடறோம். அந்த ஒண்ணு இப்பல்லாம் வர்றதில்ல.”

“எந்த ஒண்ணு?”

“வாரம் நாப்பது அங்கி அனுப்புவோம். திரும்பி வர்றது நாப்பத்தொண்ணு. ஜிப்பு கழுத்து வரைக்கும் போட்டபடியே வரும். வெளில ஒரு கறை இருக்காது. உள்ள...” அவர் முகத்தைச் சுளித்தார். “உரிஞ்ச தோலும்மா. கை வைக்க முடியாது. மூணு வருஷம் இதே கூத்து.”

“எப்ப நின்னுது?”

அம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு தேதியில் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை.

“ஒழிஞ்சுது சனியன்,” என்றார். “யாரு கூடப் போச்சோ!”