மாமாவுக்கு வளைகாப்பு

ஆண்களுக்குக் குழந்தை பிறக்குமா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள் மசால்வடையோடு வந்தது.

அப்போது கடலூர் முதுநகரில் இருந்தோம். நான் ஐந்தாவது படித்தேன். அம்மாவுக்கு ஏழாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அதற்காகச் சிதம்பரத்திலிருந்து மாமாவும் அத்தையும் வெள்ளிக்கிழமையே மாமாவின் ஆட்டோவில் வந்துவிட்டார்கள். மாமா அம்மாவின் தம்பி. அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். வளைத்து ஓட்டும்போது வண்டியின் கைப்பிடி அவர் தொப்பையைத் தடவிக்கொண்டுதான் திரும்பும்.

அவர் வாங்கிவந்த வடைப் பொட்டலத்தைப் பிரித்தால், எண்ணெய் ஊறிய செய்தித்தாளில் ஒரு படம். தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் நிறைமாத வயிற்றில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பஸ் போர்டு, மருந்து அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என்னிடம்தான் வரும். அந்த மரியாதையை நான் ஒருபோதும் வீணாக்கியதில்லை. ஸ்டூல் போடச் சொல்லி ஏறி நின்றுகொண்டு, ரேடியோவில் செய்தி சொல்கிறவர் குரலில் வாசித்தேன். அவர் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர், கருப்பையை எடுக்காமல் வைத்திருந்தார், மனைவியால் சுமக்க முடியாததால் தானே சுமக்கிறார் என்று போட்டிருந்தது.

அந்தக் கடைசி வரியை மட்டும் மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். என் உச்சரிப்பு பிடித்துப்போய்க் கேட்கிறார் என்று நினைத்து, இன்னும் சத்தமாக வாசித்தேன்.

வீடு இரண்டாகப் பிரிந்தது. பெண்ணாகப் பிறந்தால் பெண்தான், இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்றார் அப்பா. தாடி வளர்த்து, தாலி கட்டி, குடும்பம் நடத்துகிறவன் ஆம்பளை இல்லாமல் வேறு யார் என்று மாமா எகிறினார். அம்மாவின் அக்காவான பெரியம்மா, இதையெல்லாம் சின்னப்பிள்ளை முன்னால் பேசுவதா என்று அதட்டிவிட்டு, படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கடைசியில் அம்மாதான் வடையைத் தின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"நம்ம பக்கம் ஆம்பளையா பொறந்து பொம்பளையா வாழுறவங்க இல்லியா? அதுமாதிரி அங்க இவரு. அவரு ஆம்பளைன்னா ஆம்பளைதான். புள்ள பெக்குறாரு, பெத்துட்டுப் போறாரு."

"கேட்டுக்கிட்டீங்களா மாமா?" என்று என் மாமா அப்பாவைப் பார்த்துத் தொப்பையைத் தட்டினார். "ஆம்பளைக்கும் புள்ள பொறக்கும். எனக்கும் வளையல் போடுங்க."

"உனக்கு அது பரோட்டா, மச்சான்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள், அத்தையைத் தவிர. அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. யார் வீட்டு வளைகாப்பிலும் அவளை வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். இந்தத் தடவையும் பெரியம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார். மாவு பிசைய அத்தை வேண்டும், புளிசாதம் கிளற வேண்டும். வளையலுக்கு மட்டும் வேண்டாம். ஞாயிறு காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவதாக அத்தை அம்மாவிடம் சொன்னாள். அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவளுக்குப் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரப் பிடிக்கும், அதற்காகத்தான் அவசரப்படுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை பையோடு கிளம்பியபோது, அவளை பஸ் ஸ்டாண்டில் விடவேண்டிய மாமா ஆட்டோ சாவி தொலைந்துவிட்டது என்றார். தேடினார்கள். நானும் கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினேன். அதற்குள் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். அத்தை பையோடு பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

அம்மாவை மணையில் உட்காரவைத்தார்கள். பெரியம்மா சந்தனக் கிண்ணத்தை எடுக்கும் நேரத்தில், மாமா வந்து அம்மாவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். வேட்டிக்கு மேலே அம்மாவின் பழைய புடவையைச் சுற்றியிருந்தார். ஒரு கையை இடுப்பில் கொடுத்து, "அம்மாடி" என்று பெருமூச்சு விட்டார்.

"எழுந்துர்றா, மானம் போவுது" என்றார் பெரியம்மா.

"மாசமா இருக்கவன விரட்டாத பெரியக்கா. பேப்பர்லயே வந்துடுச்சி, வேணும்னா புள்ளய கேளு."

நான் கூட்டத்தின் முன்னால் வந்து, ஆமாம், வந்திருக்கிறது என்று சாட்சி சொன்னேன். தெருவே குலுங்கிச் சிரித்தது. பெரியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சரி, யாராவது அவனுக்கு ரெண்டு வளையலைப் போட்டு எழுப்பிவிடுங்கள் என்றார்.

மாமா இரண்டு கைகளையும் மடக்கிக்கொண்டார்.

"கண்டவங்க போட்டா ஆவாது. எம் பொண்டாட்டி போட்டாதான் போட்டுக்குவேன்."

பெண்கள் அத்தையை இழுத்துவந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே மாமாவின் கன்னத்தில் சந்தனம் பூசினாள். கண்ணாடி வளையல் அந்தக் கையில் ஏறுவதாக இல்லை. ஒருத்தி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள், இன்னொருத்தி விரல்களைச் சேர்த்துப் பிடித்தாள், மாமா பிரசவ வலியில் கத்துவதுபோலக் கத்தினார். ஒன்று உடைந்தது, இரண்டு ஏறின. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அப்போது அம்மா தன் கையை நீட்டினார்.

"அந்தக் கையாலயே எனக்கும் போட்டு வுடும்மா."

சிரிப்பு நின்றது. அத்தை பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா வளையல் தட்டை அத்தையின் பக்கம் நகர்த்தினார். அம்மாவின் கைக்கு முதல் வளையல்கள் அத்தையின் கையிலிருந்துதான் ஏறின, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் நான் பின்கட்டுக்குப் போனேன். சந்தனம் காய்ந்த முகத்தோடு மாமா உட்கார்ந்திருந்தார். அத்தை அவருடைய வளையல் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மாமா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். உடைந்த வளையல் அவர் மணிக்கட்டில் மெல்லிய கோடாகக் கீறியிருந்தது.

இத்தனை சின்னக் காயத்துக்கா ஒரு பெரிய மனுஷி இப்படி அழுவாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓடிப்போய் மஞ்சள்தூள் எடுத்துவந்து, அழாதீங்க அத்தை, நாளைக்கே ஆறிடும் என்று சொல்லி, மாமாவின் கையில் அப்பினேன்.