ஜன்னலோரத்து விஞ்ஞானி

எண்பதுகளில் ஒரு காலை, இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் ரயில் ஏறினேன். உட்கார இடமில்லை. என் பக்கத்தில் நின்ற ஒல்லி மனிதர் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். பனி படர்ந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார்.

"என்ன வேலைங்க?" என்றேன்.

"ஆய்வுகூடங்க சார். டி.என்.ஏ.வுல புரதம் ஒட்டுதான்னு பாக்குறது. ஜெலி மாதிரி ஒண்ணுல கரண்ட் விட்டு, மேலருந்து கீழ ஓட விடுவோம். தனி டி.என்.ஏ. வேகமா ஓடிரும். புரதம் ஒட்டுனது பின்னாடியே நிக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவர் பெட்டியின் மறுகோடியைப் பார்த்தார். அடுத்து வரும் வட்டகொடையில் இறங்க அங்கே ஜன்னலோரத்தில் ஒருவர் எழுந்துகொண்டிருந்தார்.

"செஞ்சே காட்டுறேன் வாங்க. இந்தக் கூட்டந்தான் ஜெலி" என்று காலடியிலிருந்த தன் உருளைக்கிழங்கு மூட்டையை என் தோளில் ஏற்றினார். "ரெண்டு பேரும் அந்த இடத்துக்கு ஓடுவோம். ஓடுங்க சார்!"

இடிபட்டு, திட்டு வாங்கி நான் போய்ச் சேர்ந்தபோது, அந்த இடத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கோடு மேலே, ஒரு கோடு கீழே போட்டிருந்தார்.

"கீழ உள்ளது நானு. மேல நிக்கிறது நீங்க. மூட்டைதான் புரதம்."

நானுஓயா வரை மூட்டையோடு நின்றேன். விஞ்ஞானம் அன்றே புரிந்துவிட்டது. அவர் விஞ்ஞானிதானா என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.