நன்றி சொல்ல இன்னும் நானூறு அடி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இதைப் பெரிய தமிழில் எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. "என்னா தம்பி, மேடையில ஏறிட்டியா?" என்பார். அந்தக் குரலைக் கேட்காமல் ஒரு வருடத்தை எப்படித்தான் ஓட்டினேனோ தெரியவில்லை.

அக்கா பிறந்தது பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலை மலையில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் மேல் லயத்தில். கடைசிவரை வாழ்ந்ததும் அதே லயத்தின் நான்காவது காம்பரா அறையில்தான். அப்பா காலமானபோது அக்கா எட்டாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. அடுத்த வாரமே தன் புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, அம்மாவோடு கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டார். அதை ஒரு நாளாவது அவர் சொல்லிக் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

என் தேர்ச்சி அறிக்கையில் 'முன்னேற்றம் தேவை' என்று ஆசிரியர் எழுதியபோது மட்டும் வேலைக்குப் போன உடுப்போடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "எதுல தேவைன்னு எழுதுங்க சார். கணக்கிலயா, கையெழுத்திலயா? சும்மா தேவைன்னா நான் வீட்டில எதைன்னு சொல்லிக் குடுப்பேன்?" சார் சிரித்துக்கொண்டே பக்கத்தில் 'பின்னம்' என்று எழுதினார். அந்தத் தவணை முழுக்க ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து எனக்குப் பின்னம் படிப்பித்தார் அக்கா.

அக்காவிடம் இருந்தது ஒரே சொல்தான்: தேவலை. "நேத்தைக்கு இன்னைக்கு தேவலை" என்பார். காய்ச்சலுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான், மருமகனின் கோபத்துக்கும், என் மனைவி அரைக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் அதுதான். ஆனால் அக்கா தேவலை என்றால், நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

நான் படித்து ஆசிரியராகி பதுளை டவுனுக்குக் குடிவந்தேன். "உங்க தம்பி முன்னுக்கு வந்துட்டாரு" என்று யாராவது பாராட்டினால் அக்காவுக்குச் சுருக்கென்று வரும். "அவன் டவுனுக்குப் போயிருக்கான், அவ்வளவுதான். அப்ப இங்கயே இருந்து வேலை செய்யிற நாங்கள்லாம் என்னா?" என்று கேட்பார். பாராட்ட வந்தவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். டவுனிலிருந்து வந்துபோய்க்கொண்டே தோட்டத்து முன்னேற்றச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தபோது, கீழ் ரோட்டிலிருந்து மேல் லயத்துக்குக் கொங்கிரீட் பாதை போட்டார்கள். வேலை பலாமரம் நிற்கும் முடக்கு வளைவு வரை வந்திருந்தது. அந்த நேரத்தில் ஓர் அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மாலை, பொன்னாடை, நன்றிமடல் எல்லாம் முதலில். கேட்க வேண்டியதைக் கடைசிக்கு வைத்திருப்போம், அதற்குள் வந்தவர் ஜீப்பில் ஏறிவிடுவார். நான் இரண்டு நாள் மெனக்கெட்டு ஒரு மடல் எழுதினேன். 'பாதை அபிவிருத்தி பூரணமடைந்து, மேல் லய மக்களின் வாழ்வில் முன்னேற்றத்தின் வாசல் திறந்த இந்நன்னாளில்' என்று தொடங்கும். அக்காவுக்குப் பெருமையோடு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதை பலாமரத்தடியிலதானே நிக்குது?"

"அது வந்துரும்க்கா. நன்றி சொன்னா சீக்கிரம் முடிச்சுக் குடுப்பாங்க."

"வராததுக்கு எதுக்குடா இப்பவே கும்பிடுற? இன்னும் நானூறு அடி இருக்குன்னு எழுது."

நான் எழுதவில்லை. மடலின் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம், எல்லோரும் கைதட்டினார்கள். சில மாதம் கழித்து மிச்சப் பாதையைக் கேட்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனபோது, கோப்பைத் திறந்து என் மடலின் பிரதியையே எடுத்துக் காட்டினார்கள். "பூரணமடைந்துன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" கீழே என் கையெழுத்து, சங்கத்தின் முத்திரை.

அக்கா ஏசவில்லை. "நம்ம வாத்தியாரோட அபிவிருத்தி பலாமரம் வரைக்கும்" என்று லயமே சிரிக்கும்படி கேலி பேசியதோடு சரி. அதன்பிறகும் எத்தனையோ மழைக்காலம் அந்தச் சேற்றில்தான் ஏறி இறங்கினார்.

சென்ற வருடம் ஒரு மத்தியானம் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. அவரது மகள் போன் செய்ததும் ஆட்டோவில் பறந்தேன். ஆட்டோ பலாமரத்தோடு நின்றுவிட்டது. மேலே பார்த்தால், அக்காவைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, ஆறு பேர் தூக்கி வருகிறார்கள். அடைமழை. நாலு எட்டுக்கு ஒரு தரம் வழுக்கிக் குந்தி, எழுந்து, மறுபடி தூக்கினார்கள். நானூறு அடிக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரம் என் கைவேலை. அதைச் சொல்லாமல் இந்த மலரில் நான் வேறு எதைச் சொன்னாலும் அது நியாயமாகாது.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் போனதும் முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய், "முன்னேற்றம் இருக்காம்க்கா!" என்றேன்.

அக்கா மூச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியலையே தம்பி. நேத்தைக்கு இன்னைக்கு தேவலை இல்ல."

நான் அழுதுவிட்டேன்.

"அட, அழுவாத. பேப்பர் இருக்கா? இப்பவாச்சும் அந்த நானூறு அடியை எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பாதை பலாமரத்தடியில் நிற்கிறது. அங்கிருந்து மேல் லயம்வரை நானூறு அடிக்குப் பாதை இல்லை. நோயாளியைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும்.' அவ்வளவுதான். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அக்கா கீழே கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

பாதி நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று மலையில் வேலையை விட்டு ஓடிவந்து அக்காவைத் தூக்கிய அந்த ஆறு பேருக்கும், முன்னால் நடந்து கல்லையும் முள்ளையும் விலக்கிய பெண்களுக்கும், ஆஸ்பத்திரியில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், கருமாதிவரை லயத்துக்கே சமைத்துப் போட்ட பக்கத்துக் காம்பரா வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் கடைசித் தாளில் அக்காவின் கடிதத்தை அப்படியே அச்சிட்டிருக்கிறோம். கீழே உங்கள் கையெழுத்தை இட்டு, தாளைக் கிழித்து, கோயில் வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அதே அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பாதைக்கு மட்டும் இதில் நன்றி இல்லை. போட்டு முடியட்டும். மேல் லயம்வரை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அக்கா.