ஒரு அளவு சின்ன வளையல்

போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நகைக்கடை ஒன்றில் அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாராவாரம் என் வளவளப்பைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள்... ஆனால் நிஜம். கடைக்கார நாயுடுவே ஆச்சரியப்பட்டார். “என்னய்யா, அளவு நீங்க சொல்லலையா? போன தடவை அவ்வளவு பேசினீங்களே!”

போன தடவை பேசினதுதான் கோளாறு.

அஞ்சலை எனக்குப் பக்கத்துக் குடிசை. குப்பத்திலிருந்து லஸ் வரைக்கும் கூடை சுமந்து மீன் விற்பவள். புருஷன் முனுசாமி ரிக்ஷா இழுக்கிறான் — சீட்டு ஆடாத நாட்களில். கம்மல் போயிற்று. மூக்குத்தி போயிற்று. தாலியில் கோத்திருந்த குண்டும் போயிற்று. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் சேர்த்து ஒரு தங்க வளையல் வாங்கப் புறப்பட்டாள். ஜோடி இல்லை, ஒன்றே ஒன்று. பத்து வயசில் ஒரு பெண் இருக்கிறது. அதற்கென்று குந்துமணித் தங்கமாவது தங்க வேண்டாமா?

துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் பார்க்காத தொழில் கிடையாது. மூன்று வருஷம் திருவிழா திருவிழாவாக அலைந்து கண்ணாடி வளையல் விற்றிருக்கிறேன். நாலாம் கிளாஸைத் தாண்டாதவன்தான். ஆனால் கையைத் தொட்டால் அளவு சொல்லிவிடுவேன்.

நாயுடு ரெண்டரை அங்குல வளையல் ஒன்றை மாட்டினார். விரல்களைக் குவித்ததும் முட்டியைத் தாண்டி லகுவாக இறங்கியது. “இதான்மா கைக்கு இதம். வெயில்ல கை உப்பினாலும் உறுத்தாது.”

அஞ்சலை கையைக் கவிழ்த்து உதறினாள். வளையல் பாயில் விழுந்தது.

“இதம் எனக்கு இன்னாத்துக்கு? தூங்கக்கொள்ள அந்தாளு உருவிக்கினு பூடுவான். கழலாத வளையலா குடு, நைனா.”

“கழலாத வளையலுக்கு விலங்குன்னு பேரும்மா” என்றார் நாயுடு.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? “ஒரு அளவு சின்னதா எடுங்க. நான் ஏத்திக் காட்டறேன்” என்றேன். வளையல்காரன் பாடம் அது — கையைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும், லொடலொடத்தால் எங்கேயாவது இடித்து உடைந்துவிடும். சோப்பு கேட்டேன். யுத்தம் முடிந்தும் சோப்புக்கு க்யூ நிற்கிற காலம். நாயுடு ஒரு துணுக்கைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டியை அமுக்கி, ஒரே திருகு. தோல் கொஞ்சம் உரிந்தது. அஞ்சலை பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

மூன்று மாதம் குப்பமே அதை ‘அஞ்சலை பூட்டு’ என்றது. ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னாள்: “எண்ணெ தடவி உருவிப் பாத்தான், அண்ணாத்தே. நான் தூங்கற மாரியே கெடந்தேன். சிரிப்பு தாங்கல.” எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்புறம் அந்தக் கெளுத்தி.

கரையில் மீனைக் கூடைக்கு மாற்றும்போது கெளுத்தி முள் ஒன்று இடது உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. மீன்காரிக்கு இது புதுசா? மஞ்சளை வைத்துக் கட்டினாள். மறுநாள் கை வீங்கிற்று. அதற்கு மறுநாள் வளையல் சதைக்குள் புதைந்தது. அவள் யாரிடமும் காட்டவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டு மீன் விற்றாள். காட்டினால் வளையலை வெட்டச் சொல்வார்கள். வெட்டின தங்கம் யார் மடிக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் நான் பார்த்துவிட்டேன். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. “கையைவிட வளையல் பெரிசா?” என்று கத்தினேன்.

“நீதானே ஏத்துனே?” என்றாள். கோபமாகக்கூட இல்லை.

கண்ணாடி வளையல் இறுகினால் தட்டி உடைத்துவிடலாம். தங்கம் உடையுமா? மூன்று வருஷ அனுபவஸ்தனுக்கு இது உறைக்கவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷாவில் கொண்டுபோனோம். இழுத்தவன் முனுசாமி. டாக்டர் சொல்லி, நகை செய்கிற பத்தர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் சின்ன அரத்தால் ராவினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். வளையல் பிளந்து வெளியே வந்ததும் ஓர் உள்ளங்கை முன்னால் நீண்டது.

“குடு... பத்திரமா வெச்சிக்கினு இருக்கேன்” என்றான் முனுசாமி.

அஞ்சலை நல்ல கையால் அதைப் பிடுங்கிப் பல்லில் கவ்விக்கொண்டாள். நர்ஸம்மா ஒருத்தி வந்து, “என் பெட்டியில வெச்சுப் பூட்டறேன், நீயே வந்து வாங்கிக்கோ” என்று சொல்லும்வரை விடவில்லை.

சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும், உள்ளங்கை ஓரத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். மீதிக் கை பிழைத்தது.

வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டையும் அவிழ்த்து அனுப்பினார்கள். நர்ஸம்மாவிடம் வளையலை வாங்கிக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போகவில்லை. நேரே நகைக்கடை. உடைந்ததைக் கொடுத்து வேறு எடுக்க வேண்டும்.

நாயுடு அந்தக் கையைப் பார்த்தார். “வலது கையில போட்டுக்கயேன்மா.”

“அந்தக் கையும் பூட்சின்னா சோறு யாரு போடறது?”

அவர் போன தடவை கொடுத்த அதே சின்ன அளவை எடுத்தார். சோப்பு இல்லை, திருகல் இல்லை. வழுக்கிக்கொண்டு ஏறியது. “இப்ப... இதமா இருக்கும்மா” என்றார், தலை குனிந்தபடி.

பக்கத்தில் ஓர் அம்மாள் உறுத்தாத வளையலாகத் தேடிக்கொண்டிருந்தாள். இதையா அதையா என்று எத்தனை நிதானம்! அவள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறவர்கள் போலிருக்கிறது.

அஞ்சலை கையைக் கவிழ்த்தாள். வளையல் பாயில் விழுந்தது.

“இது கழலுது. இன்னும் ஒரு அளவு சின்னது குடு.” என் பக்கம் திரும்பினாள். “இன்னா அண்ணாத்தே, சும்மா குந்திக்கினு கீறே? சோப்பு வாங்கு.”

வாங்கினேன். வாசலில் முனுசாமி ரிக்ஷாவோடு காத்திருந்தான்.